கூடலூர் ஏலக்காய்க் கடைக்கு ஏ.பி.எல். எடுத்துப் போனேன்

கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சல்லடைகளின் விளிம்பில் இருந்த சந்தனப் பொட்டு. ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பொட்டு அழியவில்லை. எடைத் தராசிலும் ஒன்று இருந்தது. மேசை மேலிருந்த கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. துடைத்துவிட்டார்களா, வைக்கவே இல்லையா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்தக் கடைக்கு நான் ஏலக்காய் வாங்கப் போகவில்லை. ஏ.பி.எல். என்ற நிரல் மொழியைக் காட்டப் போனேன். யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு மொழியை யாரிடமாவது கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். ஊர் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதில் பஸ் விவரம் மட்டும்தான் உண்டு. அருவி எதுவும் வராது.

முதலில் மொழியைப் பற்றிக் கொஞ்சம். ஏ.பி.எல். ஓர் அணி மொழி. அணி என்றால் எண்களின் வரிசை அல்லது அட்டவணை. பள்ளியில் சொல்லித்தருகிற முறையில் நூறு எண்களைக் கூட்ட வேண்டுமானால், முதல் எண்ணை எடு, கூட்டு, அடுத்ததை எடு, கூட்டு என்று சுற்றிவரச் சொல்லி எழுதுவோம். அணி மொழியில் நூறையும் ஒரே பொருளாகப் பிடித்துக்கொள்ளலாம். முன்னால் +/ என்று இரண்டு குறிகள் போட்டால் கூட்டுத்தொகை வந்துவிடும். புதிய மொழி இல்லை. என் அம்மா பிறப்பதற்கு முன்பே இருந்தது. இதன் உறவாக ஜே, கே என்று ஓரெழுத்துப் பெயரில் இரண்டு மொழிகள் உண்டு. இவற்றின் யோசனைகளை இன்று எல்லோரும் பயன்படுத்துகிற மொழிகள் எடுத்துக்கொண்டன. பெயர் மட்டும் வெளியே வரவில்லை. எழுத்துகளுக்குப் பதிலாக அம்பும் வட்டமும் சதுரமும் நிறைய வருவதால் பார்த்தவுடன் ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் ராயப்பன்பட்டி. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வீட்டில் திராட்சைத் தோட்டக் கணக்கை போனில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோவில் இந்தக் குறிகளைப் பார்த்தேன். பிறகு இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாடங்களை வைத்துக் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடமாக எழுதுகிறேன். இதைப் பற்றி நேரில் பேச ஓர் ஆள்கூட இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் குழுவில் எழுதுவதைப் படிப்பேன். பதில் போடமாட்டேன்.

தேனி பஜாரில் ஜெசி அக்கா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். கீழே அவருடைய அப்பாவின் தராசுக் கடை, மாடியில் சென்டர். ஒவ்வொரு மாதமும் கடைசி சனிக்கிழமை, படிக்க வருகிற நாற்பது பேருக்கும் பாடத்தில் இல்லாத ஏதாவது ஒன்றை ஒரு மணி நேரம் யாராவது காட்டுவார்கள். அதில் ஏ.பி.எல். வரவேண்டும் என்று நான் அக்டோபரில் போய்க் கேட்டேன். கேட்பதற்கு முன் இரண்டு தடவை மாடிப்படி வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஜெசி அக்கா என் போனை வாங்கிக் குறிகளைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சும்மா படம் காட்ட நெறையப் பேரு வர்றாக. நம்ம பக்கத்துல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, இத வச்சுத் தஞ் சோலியப் பாக்குறாகன்னு காட்டு. அந்த ஒரு மணி நேரம் ஒனக்குத்தான்."

"நான் பாக்குறேன்க்கா" என்றேன்.

"நீ கணக்குல வரமாட்ட. நீ அதுக்கு வக்கீலு."

பிறகு அவரே ஒரு கடையைச் சொன்னார். கூடலூரில் ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து விற்கிற பாண்டி அண்ணன் கடை. அங்கே இருக்கிற தராசெல்லாம் இவர்கள் கொடுத்தது. போன் செய்து சொல்லிவைத்தார். அந்த ஒரு மணி நேரம் கிடைத்தால் நாற்பது பேர் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவருக்குப் பிடித்தாலும் என் பஸ் தடத்தில் இந்த மொழி தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவோம். எனக்கு வேண்டியது அதுதான்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை கிளம்பினேன். காலை ஏழே காலுக்கு ராயப்பன்பட்டியிலிருந்து உத்தமபாளையத்துக்கு டவுன் பஸ். ஏழெட்டு கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் டிக்கெட் கொடுப்பார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கம்பம் வழியாகக் கூடலூருக்குத் தனியார் பஸ்ஸில் போனேன். இருபது ரூபாய். மொத்தம் இருபது கிலோமீட்டர்தான் என்றாலும் கம்பத்தில் பஸ் நின்றுவிடுகிறது. டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு, இன்னொருவருடன் பேசி முடித்துவிட்டுத்தான் ஏறுகிறார். இந்த நிற்கிற நேரத்தையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் நான் போனில் வரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். கண்டக்டரும் பார்த்தார்.

"என்னத்தா, ஜாதகக் கட்டமா?"

"இல்லண்ணே. கணக்கு."

"இந்தக் கணக்குல எனக்கு எப்பப் பிரமோசன்னு பாத்துச் சொல்லு" என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கம்பம் தாண்டும் வரை என் போனைக் கொஞ்சம் மரியாதையாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

கூடலூர் பஸ் நிலையத்திலிருந்து கடை நடக்கிற தூரம்தான். குமுளிக்கு ஜீப் நிற்கும் இடத்தைத் தாண்டி இடது பக்கம். தெருவுக்குள் திரும்பும்போதே வாசனை வரும். வழி கேட்க வேண்டியதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

பாண்டி அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். உள்ளே இரண்டு பெண்கள் ஏலக்காய் சலித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டைகளோடு ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் லீலா அக்கா. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், குமுளிக்கு மேலே மூன்று ஏக்கரில் ஏலக்காய் போட்டிருக்கிறார். அன்று நான்கு மூட்டை கொண்டுவந்திருந்தார்.

"ஜெசி அனுப்புன பிள்ளையா? வா, இங்கன உக்காரு. என்னமோ புதுக் கம்ப்யூட்டர் பாசைன்னு சொன்னாக" என்றார் பாண்டி அண்ணன்.

எனக்கு அறிமுகப் பேச்சு வராது. அதனால் நேராகச் சல்லடையைக் காட்டினேன். "நீங்க ஏலக்காய ஒண்ணொண்ணா எடுத்து இது பெருசு, இது சிறுசுன்னு பாக்குறதில்ல. மொத்தமாக் கொட்டி ஒரு ஆட்டு ஆட்டுறீக. எட்டு மில்லிக்கு மேல உள்ளது மேல நிக்கிது. இந்த மொழியும் எண்ண அப்பிடித்தான் சலிக்கும்."

சலித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், "சலிச்சா வாசம் வருமாத்தா அதுல?" என்றார்.

பாண்டி அண்ணனுக்குச் சல்லடை விஷயம் பிடித்துவிட்டது. "சரி, இப்ப லீலா மூட்டைய எடை போடப்போறோம். ஓம் பாசையிலயே போடு, பாப்போம்" என்றார்.

அவர்கள் செய்கிற முறை இது. முதலில் மூட்டையை அப்படியே தராசில் வைப்பார்கள். பிறகு குத்தூசியால் சாக்கில் குத்திக் கொஞ்சம் காய் எடுப்பார்கள். நிறம் பார்க்க, உடைத்துப் பார்க்க. அது சாம்பிள், நூறு கிராம். பார்த்து முடித்ததும் அது கடையின் டின்னுக்குள் போய்விடும். மொத்த எடையில் சாக்கு எடையையும் சாம்பிளையும் கழித்து மீதிக்குத்தான் காசு. கூடலூரில் அதுதான் வழக்கம் என்றார் பாண்டி அண்ணன். லீலா அக்கா கூரையைப் பார்த்தார்.

நான் நான்கு மூட்டைக்கும் சேர்த்து போனில் ஒரே வரியாக எழுதினேன். தமிழில் காட்டுகிறேன்:

எடை - சாக்கு - சாம்பிள்

நான்கு விடைகளும் ஒரே நேரத்தில் வந்தன. சுற்றிவரச் சொல்லவில்லை, ஒவ்வொன்றாகத் தட்டவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாண்டி அண்ணன் முதல் எண்ணைப் பார்த்தார். மனதுக்குள் ஏதோ கழித்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"மொத்தம் முப்பது கிலோ தொள்ளாயிரம். சாக்கு எழுநூறு. சாம்பிள் நூறு. முப்பது கிலோ நூறுதான வரணும்? ஓம் மெசினு முப்பது முந்நூறுங்குது."

மற்ற மூன்று மூட்டைகளையும் பார்த்தார். எல்லாவற்றிலும் இருநூறு கிராம் கூடுதல்.

"ஏத்தா, நீ எங் கடைக்கு வந்தியா, லீலா கடைக்கு வந்தியா?"

லீலா அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். "நல்ல மொழியாக்கும் இது! இத்தன வருசம் நீங்க எடுத்த சாம்பிளுக்கு வட்டி போட்டுத் திருப்பித் தருது. மோளே, இதுலயே பில்லப் போடு."

சலிக்கிற பெண்கள் சல்லடையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏ.பி.எல். எழுதியதை வலது ஓரத்திலிருந்து கணக்கிடும். அதற்குப் பெருக்கல் முதலில், கழித்தல் பிறகு என்ற வரிசையெல்லாம் கிடையாது. ஆகவே அது முதலில் சாக்கிலிருந்து சாம்பிளைக் கழித்தது. எழுநூறில் நூறு போக அறுநூறு. அதை மட்டும் மொத்த எடையில் கழித்தது. கழிக்க வேண்டிய நூறு, கூட்டலாகிவிட்டது. மொழி அதன் விதிப்படி சரியாகத்தான் செய்தது. இந்த மொழியின் முதல் பாடமே இதுதான். இரண்டு வருடம் எழுதிய பிறகு, காட்ட வந்த இடத்தில், அதையே விட்டுவிட்டேன். பஸ்ஸில் பெரிய வரிகளைச் சரிபார்த்தேன். இந்தச் சின்ன வரியைப் பார்க்கவே இல்லை.

விரல் தவறிவிட்டது என்று சொல்லிவிட்டுத் திருத்தியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நாளைக்கு வேறொருவர் இதே இடத்தில் விழுவார். அதனால் விதியைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். சாக்கையும் சாம்பிளையும் முதலில் கூட்டி, ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டுக் கழித்துக் காட்டினேன். நான்கும் சரியாக வந்தன.

பாண்டி அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"சரியாத்தான் சொல்ற. ஆனா எங் கணக்குப்பிள்ளை எக்செல் பழகவே ரெண்டு வருசமாச்சு. அவன்கிட்டப் போயி இனிமே வலப்பக்கமிருந்து படின்னா, வேலைய விட்டே போயிருவான். கடைக்கு வேணாத்தா. கோவிச்சுக்கிறாத. டீ குடி."

டீ குடித்தேன். நன்றாக இருந்தது, ஏலக்காய் நிறையப் போட்டிருந்தார்கள். குடித்துக்கொண்டே அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது என்று நினைத்தேன். கம்பத்துக்கு எப்போது பஸ் என்று பார்க்கப் போனை எடுத்தேன்.

லீலா அக்கா ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார். "அந்தச் சலிக்கிறத இன்னொரு வாட்டி காட்டு."

அவருக்கு இரண்டு காடு. மேல்காடு, கீழ்காடு. ஒவ்வொரு தடவை காய் பறிக்கும்போதும் எந்தக் காட்டில் எவ்வளவு வந்தது என்று போனில் தனக்குத் தானே செய்தி அனுப்பி வைத்திருக்கிறார். இந்த சீசனில் பதினோரு செய்திகள். கீழ்காட்டுச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்யலாமா என்பது அவர் வீட்டில் பேச்சு. கணவர் பிடுங்க வேண்டும் என்கிறார், இவர் வேண்டாம் என்கிறார். இரண்டு பேரிடமும் கூட்டுத்தொகை இல்லை.

அவர் வாசிக்க வாசிக்க எடைகளை ஒரு வரிசையாகவும், காடுகளை இன்னொரு வரிசையாகவும் போட்டேன். கீழ்காடு 1, மேல்காடு 2. பிறகு இந்த வரி:

+/(காடு=1)/எடை

"காடு ஒண்ணா இருக்குறத மட்டும் சலிச்சு, நிக்கிறதக் கூட்டு. அவ்வளவுதான்க்கா."

கீழ்காட்டின் எடை வந்தது.  லீலா அக்கா போனை என் கையிலிருந்து வாங்கினார். 1-ஐ அழித்து 2 போட்டார். மேல்காட்டின் எடை வந்தது. கீழ்காடு பன்னிரண்டு கிலோ கூடுதல்.

"ஷெரி" என்றார் லீலா அக்கா. "இத எம் போன்ல போட்டுத் தா. இன்னிக்கு ராத்திரி அந்த மனுசனுக்குக் காட்டணும்."

போட்டுக் கொடுத்தேன். குறிகளைத் தட்டுகிற விசைப்பலகையை இறக்க இருபது நிமிடம் ஆனது. அவர் போன் கேரள டவரைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. அதற்குள் அவரே என் போனில் இரண்டு தடவை வரியை முதலிலிருந்து தட்டிப் பார்த்துவிட்டார். ஒரு தடவை அடைப்பை விட்டுவிட்டு, தப்பான விடையைப் பார்த்து, "வலத்துல இருந்து வருதுல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருத்தினார்.

ஜெசி அக்காவின் நிபந்தனையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நான் இப்பம் கேரளாக்காரியாக்கும். ரேசன் கார்டே அங்கதான். உங்க தேனிக்காரி ஒத்துக்கிடுவாளா?"

கேட்டுத்தான் பார்க்க வேண்டும். ஊருக்குத் திரும்பாமல் நேராகத் தேனிக்குப் போனேன். கூடலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், நாற்பத்தெட்டு ரூபாய். சின்னமனூர் வரை மழை. ஜன்னல் ஓர சீட்டில் உட்காராதீர்கள், ஷட்டர் முழுதாக இறங்காது.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். ஏலக்காய்க் கடைகளுக்குக் காலை பதினொரு மணிக்கு முன் போகாதீர்கள். நான் சீக்கிரம் போய்விட்டேன், எடை போடுகிற நேரத்தில் எல்லோருக்கும் அவசரம். டவுன் பஸ்ஸில் மட்டும்தான் பெண்களுக்கு இலவசம், ஏறும் முன் போர்டைப் பாருங்கள். விசைப்பலகையை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கழித்தல் வருகிற எந்த வரியையும் வீட்டிலேயே ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். முக்கியமாக, மொழியின் பெருமையிலிருந்து தொடங்காதீர்கள். நான் கடைக்காரரின் கணக்கைச் செய்து காட்டினேன், அது அவரிடம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற கணக்கு. லீலா அக்காவுக்கு விடை தெரியாத ஒரு கேள்வி இருந்தது. அறியப்படாத மொழிகளைப் பற்றி இணையத்தில் பெரிய வாதங்கள் நடக்கின்றன. எந்த மொழி வேகமானது, எதில் வரி குறைவு என்று. கூடலூரில் அதை யாரும் கேட்கவில்லை.

தேனியில் இறங்கியபோது மணி நாலரை. சென்டரில் வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். ஜெசி அக்கா மட்டும் இருந்தார். நடந்ததைச் சொன்னேன், இருநூறு கிராமையும் சேர்த்து. அதற்கு நன்றாகச் சிரித்தார். பிறகு கேட்டார்.

"சரி, ஆளு எங்க?"

"குமுளிக்கு மேலக்கா."

"நம்ம பக்கத்துலன்னுல்ல சொன்னேன்."

 அவர் ஒரு பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அவுக காய எங்கன விக்கிறாக?"

"கூடலூர்ல."

"எந்தத் தராசுல?"

"உங்க தராசுலதான்."

"அப்ப நம்ம பக்கந்தான். சனிக்கிழமை மூணு மணி. அவுக வந்தா நல்லது, வராட்டி நீ சொல்லு."

"நானா? நான் எழுதித் தர்றேன், நீங்க பேசுவீகன்னுல்ல நெனச்சேன்."

"எனக்கென்ன தெரியும் அதுல? நீதான் பேசணும். இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா கூப்பிடுகிறார் என்று கீழே இறங்கிப் போனார்.

நான் வகுப்பறைக்குள் போய் விளக்கைப் போட்டேன். பலகைக்கு முன்னால் நின்று, காலி நாற்காலிகளைப் பார்த்து, முதல் வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்னேன்.